நிரப்பியாயிற்று என்பது நிறைந்தாயிற்று ஆகாது

பாலக்காட்டில் குடியிருக்கும் நமக்கு வாளையார் என்பது வீட்டு வாசற்படி மாதிரி. கல்யாணமோ, ஜவுளியோ, ஆஸ்பத்திரியோ, கோயம்புத்தூருக்குக் கிளம்பினால் அந்தப் படியைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அந்த வாசற்படியில் ஒரு நாள் நான் தடுக்கி விழுந்த கதையையும், அதிலிருந்து கற்ற பாடத்தையும் வாசக அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். "ரயில்வேயில் இருந்தவர், வண்டி பராமரிப்பைப் பற்றி எளிமையாக எழுதுங்கள்" என்று நம் இதழின் ஆசிரியர் குழு அன்பர்கள் கேட்டபோது முதலில் நினைவுக்கு வந்தது இதுதான்.

நான் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சேர்ந்தவன். பணிக்காலத்தில் பெரும்பகுதி டீசல் எஞ்சின்களோடு கழிந்தது. ஒரு டீசல் ரயில் எஞ்சினில் குளிர்விக்கும் தண்ணீர் மட்டுமே ஆயிரம் லிட்டருக்கு மேல் இருக்கும். அப்படிப்பட்ட எஞ்சின்களுக்குத் தண்ணீர் அளவு பார்த்துக் கையெழுத்துப் போட்டவன், ஐந்து லிட்டர் பிடிக்கும் காரில் கோட்டை விட்டேன்.

நடந்தது என்ன?

2014ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். கோயம்புத்தூரில் என் அக்காள் மகளுக்குத் திருமணம். முதல் நாள் மாலை ஆறு மணிக்கு நிச்சயதாம்பூலம். தாய்மாமன் என்ற முறையில் சீர்த்தட்டோடு முன்னே நிற்க வேண்டியவன் நான். பயணத்துக்கு முன் வண்டி சரியாக இருக்கட்டும் என்று, அதற்கு முந்தின நாள் ஒரு பட்டறையில் ரேடியேட்டர் தண்ணீரை முழுக்க இறக்கிவிட்டுப் புதுக் கூலன்ட் ஊற்றச் சொன்னேன். ஊற்றினார்கள். "ஃபுல் சார்" என்றார்கள். மூன்று கிலோமீட்டர் ஓட்டி வீட்டுக்கு வந்தேன். மறுநாள் காலை பானெட்டைத் தூக்கி ரிசர்வ் டேங்கைப் பார்த்தேன். மேல்கோடு வரை இருந்தது; முந்தின நாள் இருந்த அளவில் ஒரு நூல்கூட இறங்கவில்லை. திருப்தியோடு மூடினேன். அந்த "ஒரு நூல்கூட இறங்கவில்லை" என்பதுதான் ஆபத்தின் அடையாளம் என்று அப்போது என் மண்டையில் உறைக்கவில்லை.

இரண்டரை மணிக்குக் கிளம்பினோம். கொளுத்தும் வெயில், ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தக் காலத்தில் வாளையார் செக்போஸ்டில் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் காட்சியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2017 ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. வந்து வணிகவரிச் சோதனை நின்ற பிறகுதான் அந்த வரிசை கலைந்தது. அன்றைக்கு நாங்களும் அதில் மாட்டிக்கொண்டு, பத்தடி நகர்வதும் பத்து நிமிடம் நிற்பதுமாக இருந்தோம். சூட்டு முள் மெல்ல ஏறியது. பிறகு, ஆச்சரியமாக, சட்டென்று இறங்கியது. "பார்த்தாயா, ஃபேன் போட்டுக்கொண்டது" என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். ஐந்தே நிமிடத்தில் எஞ்சின் இழுக்காமல் திணறி நின்றது. பானெட்டின் இடுக்குகளில் இருந்து ஆவி.

வண்டியை ஓட்டிவந்த என் மகன் இறங்கி, தோளில் கிடந்த துண்டை மடித்து ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனான். பக்கத்து லாரியின் டிரைவர் ஒரே தாவில் வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க தம்பி, கையை எடுங்க! ஆறட்டும். கூடுனா ஒரு மணி நேரம் போகும். கை போனா வருமுங்களா?" என்றார். நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது. நானோ கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன்.

காரை ஓரமாகத் தள்ளி நிறுத்தி, மகனைக் காவலுக்கு விட்டுவிட்டு, பட்டுப்புடவையும் சீர்த்தட்டுமாக நானும் மனைவியும் அந்தப் புண்ணியவானின் லாரியிலேயே ஏறிப் போனோம். மண்டபத்தை அடைந்தபோது மணி ஏழரை. என் சித்தப்பா மகன் என் இடத்தில் நின்று சீர் செய்து முடித்திருந்தான். அக்காள் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாள்: "ரயிலுக்கே தண்ணி பார்க்கிறவன், உன் காருக்குப் பார்க்கலையாடா?"

எஞ்சினின் ஹெட் வளைந்து, கேஸ்கட் எரிந்து போயிருந்தது. செலவை இங்கே எழுதி என்னை நானே வருத்திக்கொள்ள விரும்பவில்லை. காரணத்தை மட்டும் பார்ப்போம்.

காற்று எங்கே ஒளிந்துகொள்கிறது?

எஞ்சினைச் சுற்றித் தண்ணீர் ஓடும் வழி ஒரு வட்டம். வாட்டர் பம்பு தண்ணீரை எஞ்சினுக்குள் தள்ளும். அங்கே சூடாகும் தண்ணீர் மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்கு வந்து, காற்றில் ஆறி, கீழ் ஹோஸ் வழியாக மீண்டும் பம்புக்குப் போகும். பெரும்பாலான கார்களில் போக்கு இதுதான். இந்த வட்டத்தின் நடுவே தெர்மோஸ்டாட் என்ற கதவு ஒன்று உண்டு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அது மூடியிருக்கும். தண்ணீர் ஏறக்குறைய 80 முதல் 90 டிகிரி வரை சூடானால்தான் திறக்கும்.

இப்போது யோசியுங்கள். தண்ணீரை முழுக்க இறக்கிவிட்டு, குளிர்ந்த எஞ்சினில் புதிதாக ஊற்றுகிறோம். கதவு மூடியிருக்கிறது. கிணற்றில் குடத்தைக் கவிழ்த்து அமிழ்த்தினால் என்ன ஆகும்? உள்ளே இருக்கும் காற்று வெளியே வர வழி இல்லாதவரை தண்ணீர் புகாது. எஞ்சினின் மேல்பகுதியிலும், ஹீட்டர் இருக்கும் வண்டிகளில் அதன் குழாய்களிலும் இப்படித்தான் காற்று அடைபட்டு நிற்கும். மெக்கானிக்குகள் இதை ஏர்லாக் என்பார்கள். ரேடியேட்டரின் வாய்வரை தண்ணீர் தளும்பும். எஞ்சினுக்குள்ளே பாதி இடம் காலியாக இருக்கும். என் காரில் பிறகு அளந்து பார்த்ததில் ஒன்றேகால் லிட்டர் குறைவு. ஐந்து லிட்டர் வண்டியில் அது கால் பங்கு.

சூட்டு முள் இறங்கிய மர்மமும் இதில்தான் இருக்கிறது. சூட்டை அளக்கும் சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியான கணக்குச் சொல்லும். தண்ணீர் இறங்கி அது காற்றிலோ ஆவியிலோ நின்றால், இரும்பு கொதித்துக்கொண்டிருந்தாலும் முள் கீழே வரக்கூடும். எனவே நெரிசலில் ஏறிய முள் காரணமில்லாமல் திடீரென்று விழுந்தால் மகிழாதீர்கள். ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள்.

ரிசர்வ் டேங்க் சொன்ன பொய்

தண்ணீர் சூடானால் விரியும். 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குப் போகும்போது ஏறக்குறைய மூன்று சதவீதம் பெருகும். ஐந்து லிட்டருக்குச் சுமார் 150 மில்லி, அதாவது ஒரு காபி டம்ளர். கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் சற்று அதிகம். இந்த ஒரு டம்ளர், ரேடியேட்டர் மூடியிலுள்ள ஸ்பிரிங் வால்வைத் தள்ளிக்கொண்டு ரிசர்வ் டேங்குக்குப் போகும். எஞ்சின் ஆறியதும் உள்ளே வெற்றிடம் உண்டாகி, மூடியின் நடுவிலுள்ள சின்ன வால்வு திறந்து, அதே ஒரு டம்ளர் திரும்ப உறிஞ்சப்படும். இந்தப் போக்குவரத்து ஒழுங்காக நடந்தால், உள்ளே இருக்கும் காற்றும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறி, அதன் இடத்தில் டேங்கின் தண்ணீர் போய்ச் சேரும்.

ஆகவே புதிதாக நிரப்பிய வண்டியில், ஓட்டி ஆறவைத்த பின் ரிசர்வ் டேங்கின் அளவு சற்று இறங்கியிருந்தால் அது பெரும்பாலும் நல்ல செய்தி. உள்ளே காற்று இருந்தது, அது வெளியேறிவிட்டது, தண்ணீர் போய்விட்டது என்று பொருள். அளவு இறங்கவே இல்லை என்றால் இரண்டில் ஒன்று: பட்டறையிலேயே காற்றை முழுக்க எடுத்திருக்கிறார்கள், அல்லது டேங்குக்கும் ரேடியேட்டருக்கும் தொடர்பே அறுந்திருக்கிறது. என் காரில் இரண்டாவது. மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து கல்லாகியிருந்தது. ஆறும்போது டேங்கிலிருந்து தண்ணீரை உறிஞ்சுவதற்குப் பதிலாக அது வெளிக்காற்றை உறிஞ்சிக்கொண்டது. ரிசர்வ் டேங்க் நிறைந்திருப்பது ரேடியேட்டர் நிறைந்திருப்பதற்குச் சாட்சி அல்ல. ஆறிய எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து கண்ணால் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை.

முறையாகப் பார்ப்பது எப்படி?

ரயில்வேயில் எங்களுக்குப் பழக்கிய முறையையே காருக்குத் தகுந்தபடி சொல்கிறேன்.

1. முதலில் அளவை. இறக்கிய பழைய தண்ணீரை ஒரு தொட்டியில் பிடித்து எத்தனை லிட்டர் என்று குறித்துக்கொள்ளுங்கள். வண்டியோடு வந்த கையேட்டில் மொத்தக் கொள்ளளவும் இருக்கும். ஊற்றியது எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். நான்கு லிட்டர் இறங்கி மூன்று லிட்டர்தான் ஏறியது என்றால், மீதி ஒரு லிட்டர் இடத்தில் காற்று இருக்கிறது. கண்ணை ஏமாற்றலாம், கணக்கை ஏமாற்ற முடியாது.

2. சமதளத்தில், ஆறிய எஞ்சினில் தொடங்குங்கள். முன்பக்கம் சற்று உயர்ந்திருந்தால் காற்று எளிதில் மேலே வரும். ஹீட்டர் இருந்தால் முழுச் சூட்டில் வைத்து அதன் பாதையைத் திறந்து விடுங்கள். காற்று வெளியேற்றும் திருகாணி சில வண்டிகளில் தனியாக இருக்கும். கையேடு சொல்லும் இடத்தில் தளர்த்தி, காற்றுக்குமிழி இல்லாமல் நீர் வந்ததும் முடுக்குங்கள்.

3. மெதுவாக ஊற்றுங்கள். நடுநடுவே மேல் ஹோஸைக் கையால் பிசைந்து விடுங்கள். குமிழிகள் வருவதைப் பார்க்கலாம்.

4. மூடி ரேடியேட்டரிலேயே இருக்கும் பழைய மாதிரி வண்டிகளில், மூடியைத் திறந்து வைத்தபடி எஞ்சினை மெதுவாக ஓடவிடுங்கள். முகத்தை வாய்க்கு நேரே வைக்காதீர்கள். வேட்டி முனை, துண்டு, புடவைத் தலைப்பு எதுவும் ஃபேன் பக்கம் போகக்கூடாது. மின்சார ஃபேன் சொல்லாமல் கொள்ளாமல் சுற்றத் தொடங்கும். எஞ்சினை நிறுத்திய பிறகும் சுற்றக்கூடும். மேல் ஹோஸ் திடீரென்று சூடானால் தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது என்று அர்த்தம். அந்த நேரத்தில் அளவு குபுக்கென்று இறங்கும். உடனே ஊற்றி நிரப்புங்கள். குமிழிகள் நின்று அளவு நிலைத்ததும், தண்ணீர் கொதிக்கும் அளவுக்கு விடாமல், மூடியைப் போட்டு முடுக்குங்கள். அதன்பின் அதைத் தொடாதீர்கள்.

இப்போது வரும் பல கார்களில் ரேடியேட்டரில் மூடி கிடையாது. அழுத்தம் தாங்கும் பிளாஸ்டிக் டேங்கிலேயே இருக்கும். அவற்றுக்குக் கையேட்டின் முறைப்படியே செய்ய வேண்டும்.

5. ஃபேன் ஒரு தடவை ஓடி நிற்கும்வரை எஞ்சின் ஓடட்டும். பிறகு நிறுத்தி முழுக்க ஆறவிடுங்கள். அவசரப்பட்டால் இந்தப் படியில்தான் கை வேகும். ஆறியபின் மூடியைத் திறந்து பார்த்து, ரேடியேட்டரை வாய்வரையும், ரிசர்வ் டேங்கை இரண்டு கோடுகளுக்கு நடுவேயும் நிரப்புங்கள். பெரும்பாலான வண்டிகளில் இந்தக் கோடுகள் ஆறிய எஞ்சினில் பார்ப்பதற்கு உரியவை. சூடான வண்டியில் பார்த்தால் அளவு கூடுதலாகத்தான் தெரியும்.

6. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஊருக்குள்ளேயே ஓட்டுங்கள். மறுநாள் காலை, எஞ்சினை முடுக்குவதற்கு முன் மீண்டும் பாருங்கள். ஒரு வாரம் தினமும் பாருங்கள். டேங்கின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி, அளவைப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினால் போதும். முதல் இரண்டு நாள் சற்று இறங்கி, பிறகு அசையாமல் நின்றால் வேலை முடிந்தது. அதுவரை தூரப் பயணம் வேண்டாம்.

தினமும் இறங்கிக்கொண்டே இருந்தால்?

அப்படியானால் தண்ணீர் எங்கேயோ போகிறது. முதலில் வெளியே தேடுங்கள்: ஹோஸ் கிளிப்புகள், ரேடியேட்டரின் ஓரங்கள், வாட்டர் பம்பின் அடிப்பக்கம், நிறுத்தும் இடத்தில் தரையில் ஈரம். வெளியே ஒன்றும் இல்லையென்றால் உள்ளே. எஞ்சின் ஆயில் மூடியின் அடியில் பால்காபி நிறத்தில் கொழகொழப்பு, வண்டி நன்றாகச் சூடான பிறகும் புகைக்குழாயில் வெள்ளைப் புகை, நிற்காமல் வரும் குமிழி, இவை கேஸ்கட் போனதன் அறிகுறிகள். தண்ணீர் ஊற்றி ஊற்றி ஓட்டிக் காலம் தள்ளாமல் மெக்கானிக்கிடம் போய்விடுங்கள்.

என்ன ஊற்றுவது?

நம் பகுதியிலே பனி இல்லை, பச்சைத் தண்ணீர் போதாதா என்று சிலர் கேட்பார்கள். கூலன்ட் பனிக்காக மட்டும் அல்ல. உலோகம் அரிக்காமல் இருக்க அதில் மருந்து இருக்கிறது. பாதிக்குப் பாதி கலந்த எத்திலீன் கிளைக்கால் கூலன்ட், மூடி இல்லாமலேயே சுமார் 107 டிகிரியில்தான் கொதிக்கும். கிணறு, போர்வெல் தண்ணீரிலுள்ள உப்பு, கெட்டிலின் அடியில் படிவதுபோல எஞ்சினுக்குள் படிந்து சூட்டை வெளியே விடாது. கலப்பதானால் டிஸ்டில்டு வாட்டர்தான். கலந்தே விற்கும் கூலன்டில் மேற்கொண்டு தண்ணீர் சேர்க்க வேண்டாம். அதிகம் ஊற்றினால் நல்லது என்றும் எண்ண வேண்டாம். சூட்டைச் சுமப்பதில் தண்ணீருக்கு இணை கூலன்ட் இல்லை. பச்சை, சிவப்பு என்று நிறம் பார்த்துக் கலக்காதீர்கள். கையேடு சொல்லும் வகையையே வாங்குங்கள். நடுவழியில் வேறு கதி இல்லையென்றால் எஞ்சின் ஆறியபின் பச்சைத் தண்ணீர் ஊற்றி ஊர் சேரலாம், பிறகு மாற்றிவிட வேண்டும். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த நீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடும்.

இறக்கிய பழைய கூலன்டைச் சாக்கடையிலோ தரையிலோ கொட்டாதீர்கள். இனிப்பாக இருக்கும், ஆனால் கொடிய நஞ்சு. நாய், மாடு, விவரம் தெரியாத குழந்தை எதுவும் நக்கிவிடக்கூடும். வாளையாரில் சாலையை ஒட்டியே காடு இருக்கிறது. மூடிபோட்ட கேனில் பிடித்துப் பட்டறையில் ஒப்படையுங்கள்.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பேட்டரியைக் குளிர்விக்கப் பல வண்டிகளில் கூலன்ட் ஓடுகிறது. அளவை வெளியிலிருந்து பாருங்கள். குறைந்திருந்தால் கம்பெனி சர்வீசில் காட்டுங்கள். சொந்தக் கைவைத்தியம் வேண்டாம்.

அந்த மூடியைப் பற்றிக் கடைசியாக

ரேடியேட்டர் மூடி ஏறக்குறைய ஒரு பார் அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்திருக்கும். அதனால்தான் உள்ளே பச்சைத் தண்ணீர்கூட 120 டிகிரிவரை கொதிக்காமல் இருக்க முடிகிறது. 110 டிகிரியில் இருக்கும் ஐந்து லிட்டர் தண்ணீரின் மூடியைத் திறந்தால், அதில் சுமார் 90 கிராம் உடனே ஆவியாகும். 90 கிராம்தானே என்று நினைக்காதீர்கள். அது சுமார் 150 லிட்டர் நீராவி. எட்டுப் பத்துக் குடம் அளவு ஆவி, கொதிநீரையும் வாரிக்கொண்டு ஒரு ரூபாய் நாணயம் அளவு வாய்வழியாக முகத்துக்கு நேரே வரும். மடித்த துண்டு அதைத் தடுக்காது. மேல் ஹோஸைத் தொட்டால் கை பொறுக்கும் சூடு, அமுக்கினால் மெத்தென்று இருக்க வேண்டும். அதுவரை மூடியைத் தொடக்கூடாது. அன்று அந்த லாரி டிரைவர் இந்தக் கணக்கெல்லாம் போடவில்லை. ஆனால் என்னைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார். அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

டீசல் எஞ்சினில் தண்ணீர் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் எஞ்சினைத் தானாக நிறுத்திவிடும் ஸ்விட்ச் உண்டு. அப்படியும் நாங்கள் கண்ணாடிக் குழாயில் அளவைப் பார்த்து, எழுதி, கையெழுத்துப் போட்ட பிறகே எஞ்சினை வெளியே விடுவோம். ஸ்விட்ச் இருக்கிறதே என்று யாரும் பார்க்காமல் விட்டதில்லை. என் காரில் அப்படியொரு ஸ்விட்சும் இல்லை, நான் பார்க்கவும் இல்லை, எழுதவும் இல்லை. "ஃபுல் சார்" என்ற இரண்டு வார்த்தையை நம்பினேன்.

இப்போது காரின் டேஷ்போர்டில் நாற்பது பக்க நோட்டு ஒன்று கிடக்கிறது. தேதி, ஆறிய எஞ்சினில் அளவு, ஊற்றியது எவ்வளவு என மூன்றே கட்டங்கள். கோயம்புத்தூருக்குக் கிளம்பும்போதெல்லாம் மனைவி பூட்டைச் சரிபார்த்துவிட்டு, "தண்ணி பார்த்தாச்சா?" என்று கேட்பாள். அக்காளுக்கும் இப்போது பேத்தி பிறந்துவிட்டாள். அடுத்த சீருக்கு நேரத்தோடு போய்ச் சேர வேண்டும் என்பது என் ஆசை. நீங்களும் நாளைக் காலை, எஞ்சின் ஆறியிருக்கும்போது ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.